அயாக்ஸா, பிலோக்ரீற்றிஸா, அபிமன்யுவா? சண்டை முடிந்த ஊரில் எந்தத் துன்பியலை மேடையேற்றுவது

போன மாதம் மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து இளைஞர் கழகத்துப் பொடியன்கள் நாலு பேர் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். "சேர், சண்டைக்குப் போய்த் திரும்பின ஆம்பிளையப் பத்தி ஒரு நாடகம் போடோணும். கிரேக்க நாடகம் ஒண்ட எடுத்து நம்மட ஊருக்கு மாத்துவம் எண்டு நினைக்கிறம். எதை எடுக்கிற?" நாலு பேரும் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்கள், பெயர்கள் எல்லாம் வாயில் நிற்கின்றன. இரண்டு கிழமை கழித்து கல்முனைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டார். அவரிடம் இருப்பது பன்னிரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு ஆண்பிள்ளையும்.

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் மேசையில் ஐந்து நாடகங்கள் இருக்கின்றன. நாலு கிரேக்கம், ஒன்று நம்முடைய வடமோடிக் கூத்து. சிலதை மேடையில் செய்து பார்த்திருக்கிறேன், சிலதை வட்டமாக இருந்து வாசித்ததோடு நிறுத்தியிருக்கிறேன். ஒன்றில் நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

ஏன் கிரேக்கம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'அயாக்ஸ்', 'பிலோக்ரீற்றிஸ்' இரண்டையும் எழுதிய சொபொக்கிளிஸ் சும்மா வீட்டிலிருந்து எழுதிய புலவர் அல்லர், கி.மு. 441இல் ஏதென்ஸின் பத்துத் தளபதிகளில் ஒருவராகத் தெரிவானவர். அரங்கில் இருந்து பார்த்த ஆண்களில் பலர் ஈட்டி பிடித்தவர்கள். வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பியவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனதன் ஷே, அவர்களுடைய கதையையும் ட்ரோய்ப் போரின் கிரேக்க வீரன் அக்கிலிசின் கதையையும் பக்கத்தில் வைத்து 1994இல் ஒரு நூல் எழுதினார். 2008 தொடக்கம் பிறையன் டொரிஸ் என்பவர் அமெரிக்கப் படையினருக்கு முன்னால் 'அயாக்ஸ்', 'பிலோக்ரீற்றிஸ்' இரண்டையும் வாசிக்கவைத்து, வாசிப்பு முடிந்ததும் சபையையே பேச வைத்து வருகிறார். அந்தச் சபையில் எல்லாரும் ஒரே படையைச் சேர்ந்தவர்கள், அவர்களோடு வாழ்ந்தவர்கள். நம்முடைய சபை அப்படி இல்லை. இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல் அதில்தான்.

முதலில் அளவுகோல்

கதை நல்லதா என்று பார்த்து நாடகம் எடுப்பவர்கள்தான் அதிகம். நான் முதல் வரிசையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று பார்ப்பேன். மட்டக்களப்பில் 1990 என்று ஆண்டை மட்டும் சொன்னாலே போதும். முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காத்தான்குடியில் ஒரு நினைவு எழும்பும், தமிழர் கொல்லப்பட்ட சத்துருக்கொண்டானில் இன்னொன்று. 2004 சித்திரையில் வெருகல் பக்கம் புலிகள் என்ற ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்ட கதை இன்னும் பல வீடுகளில் வாய்க்குள்ளேயே கிடக்கிறது. அம்பாறைக்குப் போனால் பக்கத்துக் கதிரையில் முஸ்லிம் குடும்பமும் இருக்கும், சிங்களக் குடும்பமும் இருக்கும். மேடையில் நிற்பவனை யார் 'நம்மட ஆள்' என்று பார்ப்பார்கள், யார் 'அந்த ஆள்' என்று பார்ப்பார்கள் என்பதை ஒத்திகைக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, நாடகம் மீசையை முறுக்கிவிடுகிறதா, இறக்கிவிடுகிறதா. 'ஆம்பிளை அழப்படாது' என்று சொல்லி வளர்த்த மனிதர்களைப் பற்றிப் பேச வந்துவிட்டு, வாளோடும் வீரத்தோடும் அவர்களை இன்னொரு தரம் அலங்கரித்து அனுப்பினால் வீண் வேலை.

மூன்றாவதுக்கு நான் வைத்த பெயர் குளிர்த்தி. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து கண்ணகியின் கதையான வழக்குரை பாடுகிறோம். மதுரையை எரித்தவளை அந்தச் சூட்டோடேயே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. குளிர்த்தி பாடி, ஆளைக் குளிரவைத்த பிறகுதான் கதவு சாத்துவது. நாடகமும் அப்படித்தான். சூடேற்றுவது லேசு. திரை விழுந்த பிறகு சபையைக் குளிரவைக்க நாடகத்துக்குள்ளேயே ஏதாவது இருக்கிறதா, இல்லாவிட்டால் நாம் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டுமா?

மிச்சமெல்லாம் கைச்செலவும் ஆள் பலமும்தான். அதில் ஒன்றை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். மூலம் 2400 ஆண்டு பழசு, யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கிற மொழிபெயர்ப்புக்கு உரிமை உண்டு. கேட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதையை உங்கள் வாயால் புதிதாக எழுதுங்கள். இரண்டாவது வழிதான் நல்லது.

அயாக்ஸ்

போரும் ஆண்மையும் என்று தேடினால் முதலில் கையில் படுவது இதுதான். அக்கிலிசின் கவசம் தனக்குத்தான் என்றிருந்தவனுக்கு அது கிடைக்கவில்லை, ஒடிசியசுக்குப் போகிறது. அவமானத்தில் இரவோடிரவாகத் தன் பக்கத்துத் தலைவர்களையே வெட்டப் புறப்படுகிறான். அதீனா அவன் புத்தியை மயக்குகிறாள். தலைவர்கள் என்று நினைத்து ஆட்டையும் மாட்டையும் வெட்டித் தள்ளுகிறான். தெளிந்து பார்த்தால் சுற்றிவர இரத்தம்.

ஆண்மையைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசுகிற பழைய நாடகம் வேறொன்றை நான் காணவில்லை. அழுகை கோழைகளுக்கு உரியது என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதன் இப்போது வாய்விட்டு அழுகிறான் என்று மனைவி தெக்மெசா வந்து சொல்கிறாள். அவளும் அவன் அழித்த ஊரிலிருந்து பிடித்துவந்த பெண்தான். இரவில் எங்கே போகிறாய் என்று கேட்டவளிடம், பெண்ணுக்கு அழகு பேசாமல் இருப்பது என்கிறான். சின்ன மகனைக் கொண்டுவரச் சொல்லி, என் பிள்ளையென்றால் இரத்தத்தைக் கண்டு பயப்பட மாட்டான் என்கிறான். அப்பாவைவிட அதிர்ஷ்டம் உள்ளவனாக இரு, மற்றதில் எல்லாம் அப்பாவைப் போலவே இரு என்று மகனை வாழ்த்துகிறான். இந்த ஒரு காட்சியை வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

நான் கையைச் சுட்டுக்கொண்டதும் இதில்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பல்தேவைக் கட்டடத்தில் வாசிப்பாக வைத்தோம். மாடுகளை வெட்டிய கதையைத் தெக்மெசா சொல்லத் தொடங்கியதும் பின்னால் சலசலப்பு. எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. ஏதென்ஸ்காரனுக்கு அது பைத்தியத்தின் அடையாளம். பட்டி மாடு வைத்திருக்கிற சனத்துக்கு மாடு என்றால் மாடுதான். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் றோட்டுக்கு இறங்கிய பிறகு சொல்லவே வேண்டாம். இன்றைக்கு அந்தக் காட்சியைப் போட்டால் 'யார்ர மாடு, யார் வெட்டின' என்ற கேள்விதான் சபையை நிரப்பும்.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. ஐம்பது தாண்டிய ஒரு மனிதர், இடது கையில் இரண்டு விரல் இல்லை, நடுவில் எழும்பி வெளியே போனார். ஜன்னலால் பார்த்தேன். குழாயடியில் நின்று கால் கழுவினார். ஒரு கால், மற்றக் கால், திரும்பவும் முதல் கால். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வாசிப்பு முடிகிற நேரம் உள்ளே வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பேச்சுத் தொடங்கியபோது அவர் சொன்னது ஒரு வரிதான்: "அந்தப் பொஞ்சாதி பாவம்." பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அந்த ஒரு வரிக்காக இந்த நாடகத்தை இன்னொரு தரம் செய்வேன். ஆனால் அவரை அந்தக் குழாயடியில் தனியே நிற்கவிட்டது என் பிழை. அவரோடு போய் நிற்க ஒரு ஆளை முதலே வைத்திருக்க வேண்டும்.

மறைந்த செலவுகளில் பெரியது சாவு. எதிரி வீரன் எக்டர் தந்த வாளை நிலத்தில் நட்டு அதன் மேல் விழுந்து அயாக்ஸ் உயிரை விடுகிறான். உயிரை மாய்த்துக்கொள்பவர்களின் செய்தி அடிக்கடி வருகிற ஒரு மாவட்டத்தில் இதை மேடையில் காட்டக் கூடாது என்பது என் முடிவு. வாளையும் காட்ட வேண்டாம், அவனுடைய கடைசிப் பேச்சை அழகுபடுத்தவும் வேண்டாம். போய்விட்டான் என்று ஒருவர் வந்து சொன்னால் போதும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதைத் துண்டுப் பிரசுரத்தில் பெரிதாக அச்சிடுங்கள். (விபுலாநந்தரின் நாடக நூலான மதங்க சூளாமணி வெளிவந்த ஆண்டும் 1926. நாடகக்காரருக்கு மறக்காது.)

நாயகன் போன பிறகும் நாடகம் நீளமாகப் போகிறது. மொத்தம் 1420 அடி. 865இலேயே அவன் முடிந்துவிடுகிறான். மிச்சம் முழுக்க அந்த உடலை அடக்கலாமா, நாய்க்குப் போடுவதா என்ற வழக்கு. வேறு ஊர்களில் இந்தப் பகுதியை இழுவை என்று வெட்டிவிடுவார்கள். போராளிகளைப் புதைத்த துயிலுமில்லங்கள் இருந்த தரவையையும் கஞ்சிகுடிச்சாற்றையும் அறிந்த சனத்துக்கு இதுதான் நாடகத்தின் நெஞ்சு. அவனுக்கு எதிரியாக இருந்த ஒடிசியசே வந்து, அடக்குங்கள் என்று பேசுகிறான். குளிர்த்தி என்று ஏதும் இதில் இருக்கிறதென்றால் அதுதான். ஆனால் அனுமதிக்கும் பிரச்சினைக்கும் தயாராக இருங்கள்; இந்த இடத்தை யாரும் கதையாகக் கேட்க மாட்டார்கள்.

சொந்தத் தலைவர்கள் மேல் வாளெடுத்தவன் என்ற கதை 2004ஐத் தொடும் என்பதையும் பொடியன்களுக்குச் சொன்னேன். அவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. தகப்பன்மாருக்குத் தெரியும்.

பிலோக்ரீற்றிஸ்

கி.மு. 409இல் முதற்பரிசு வாங்கிய நாடகம். பாம்பு கடித்த கால் அழுகி நாறுகிறது, நோவில் கத்துகிறான். சத்தமும் நாற்றமும் தாங்காமல் கூட்டாளிகளே அவனை லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பத்தாவது வருடம் திரும்ப வருகிறார்கள், அவனுக்காக இல்லை. அவன் கையில் இருக்கிற வில் இல்லாமல் போரை வெல்ல முடியாதாம்.

இதை விளங்கப்படுத்த எங்கள் ஊரில் யாருக்கும் குறிப்பு எழுதத் தேவையில்லை. பாம்புக்கடி தெரியும், விசகடி வைத்தியம் தெரியும். ஆயுதம் இருக்கும்வரை தேடிவந்து, காலோ கையோ போன பிறகு தேடாமல் விட்டதும் தெரியும்.

ஆண்மை என்ற கேள்விக்கு இது அயாக்ஸைவிட நல்ல பதில் தருகிறது என்று நினைக்கிறேன். இங்கே ஆம்பிளை கத்துகிறான். கத்தியும் உயிரோடு இருக்கிறான். நோவு வரும்போது கிரேக்க மூலத்தில் வார்த்தையே உடைந்துபோய், 'அபப்பபாய், பபா பபா பபா பபாய்' என்று ஒரு முழு அடி வெறும் சத்தமாகப் போகிறது. தமிழ் நடிகனுக்கு இதை மொழிபெயர்க்க வேண்டுமா? 'அப்பப்பா' என்று நாம் நாளாந்தம் சொல்வதுதானே. பிறகு நெயோப்தொலெமஸ் என்ற இளைஞன் இருக்கிறான், அக்கிலிசின் மகன். பொய் சொல்லி வில்லைப் பறித்துவா என்பது அவனுக்கு வந்த கட்டளை. பறிக்கிறான். பிறகு வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். தகப்பன்மாரின் போரைச் சுமக்கிற மகன்மாருக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை.

செலவு இரண்டு. ஒன்று, பெண் பாத்திரமே கிடையாது. பின்னால் நின்று பாடுகிற பிற்பாட்டைப் பெண்களிடம் கொடுத்துச் சமாளிக்கலாம். மற்றது, முடிவு. ஹெராக்ளிஸ் தெய்வமாகத் தோன்றி, திரும்பவும் போருக்குப் போ, அங்கே உன் கால் சுகமாகும், பேரும் கிடைக்கும் என்கிறான். முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து வந்து பத்துப் பதினைந்து வருடமாக வேலை தேடிக்கொண்டிருப்பவர் முன்னால் இதை அப்படியே போட்டால் என்ன கருத்து? நான் தெய்வத்தை வரவே விடமாட்டேன். அதற்குச் சற்று முன்னே, சரி, உன்னை உன் வீட்டுக்கே கூட்டிப்போகிறேன், வா என்று இளைஞன் ஒப்புக்கொள்கிற இடம் மூலத்திலேயே இருக்கிறது. அங்கே நிறுத்தினால் சொபொக்கிளிஸ் கோபிக்க மாட்டார்.

ஹெராக்ளிஸ்

யூரிப்பிடிஸ் எழுதியது. வீட்டைக் காப்பாற்ற ஓடிவந்தவன் வெறி பிடித்துத் தன் மனைவியையும் மூன்று மகன்மாரையும் தானே கொல்கிறான். ஊர்ச் சபைக்கு வேண்டாம். குடித்துவிட்டு வருகிற தகப்பனைக் கண்டு கட்டிலுக்குக் கீழே ஒளிகிற பிள்ளை அந்தச் சபையில் கட்டாயம் இருக்கும்.

ஆனால் கடைசிக் காட்சிக்காக இதை மூடிய அறையில், உளவளத் துணையாளர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, வளர்ந்த ஆண்கள் ஏழெட்டுப் பேரோடு வாசிக்கலாம். தலையை மூடிக்கொண்டு கிடக்கிறான். கிட்ட வராதே, என் தீட்டு உன்னிலும் ஒட்டும் என்கிறான். நண்பன் தேசியஸ் துணியை விலக்கி முகத்தைப் பார்க்கிறான். நண்பனிடமிருந்து நண்பனுக்குத் தீட்டு ஒட்டாது என்கிறான். துடக்கு என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இது சின்னப் பேச்சில்லை. நாடகத்தின் நடுவில் பிள்ளைகளைப் பெரிய கப்பலின் பின்னால் கட்டிய சிறு தோணிகளைப் போல இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவன், முடிவில் தானே அப்படி ஒரு தோணியாக நண்பனின் பின்னால் போகிறான்.

ட்ரோய்ப் பெண்கள்

கி.மு. 415. ஏதென்ஸ் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம். வென்றவர்களின் முகத்துக்கு நேரே, போரில் தோற்ற ட்ரோய் நகரத்துப் பெண்களின் அழுகையை வைத்தார் யூரிப்பிடிஸ். இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோதே தர்மசிறி பண்டாரநாயக்க இதைச் சிங்களத்தில் மேடையேற்றினார். அந்தத் துணிவை இங்கே பலருக்கு இன்னும் தெரியாது.

பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர் உள்ள ஆசிரியைக்கு இது தானாக வந்து பொருந்துகிறது. ஆண்மை எங்கே என்று கேட்டால், அந்த ஒரே ஆண்பிள்ளையிடம் தல்தீபியஸ் பாத்திரத்தைக் கொடுங்கள். கட்டளையைக் கொண்டுவருகிற தூதன் அவன். குழந்தையை மதிலிலிருந்து எறியச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்ல வந்தவனுக்கு வார்த்தை வராது. பிறகு அந்தப் பிள்ளையின் உடலை ஆற்றில் கழுவிக் கொண்டுவருவதும் அவன்தான். கொன்றவனும் இல்லை, தடுத்தவனும் இல்லை. அப்படி எத்தனை பேர் நம் நடுவில் வாழ்கிறார்கள்.

இதன் மறைந்த செலவு எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பேரனின் உடலைத் தகப்பனின் கேடயத்தில் வைத்துப் பாட்டி எக்குபா அழுகிறாள். பார்க்கிற எல்லாரும் கலங்குவார்கள். ஆனால் முதல் வரிசையில் காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் இருந்தால், அவருடைய மனத்தில் ஓடுவது வேறு: இவளுக்கு உடலாவது கிடைத்ததே. அந்தத் தாய்மாரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து முன்னால் இருத்துகிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒத்திகைக்கு முன் வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லுங்கள். வருவதா விடுவதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

அபிமன்யு, வடமோடியில்

'கிரேக்கன் எதுக்கு, நம்மட கூத்து இல்லையா?' என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேராதனையில் வித்தியானந்தன் கூத்தைப் புதுக்கியதும், அங்கே இராவணனாக ஆடிய மௌனகுரு பிறகு மட்டக்களப்பில் அதைத் தொடர்ந்ததும், சீலாமுனையில் ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கியதும் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பதினெட்டு நாளும் பாரதத்தோடு வாழ்கிற சனத்துக்குக் கதை சொல்லவே தேவையில்லை. சக்கரவியூகத்துக்குள் போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத பிள்ளை என்றால், எந்தப் பிள்ளைகளைச் சொல்கிறோம் என்பதும் தானாக விளங்கும்.

இடைஞ்சல் கூத்தின் உடம்பிலேயே இருக்கிறது. வடமோடித் தாளக்கட்டு வீரத்துக்கென்றே கட்டப்பட்டது. வட்டமாக விரிந்த கரப்புடுப்பும் கிரீடமும் போட்டு ஒருவன் கூத்துக் களரிக்குள் குதித்தால், நீங்கள் என்ன வசனம் எழுதினாலும் உடம்பு 'வீரன்' என்றுதான் சொல்லும். மீசை கொஞ்சம் கூடவே முறுகும். ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. பழைய களரியில் சுபத்திரையும் ஆண்தான். பகல் முழுக்க வயலில் நின்ற மனிதன் மீசையை வழித்து, சேலை கட்டி, ஊருக்கு நடுவில் மகன் செத்ததுக்கு ஒப்பாரி வைப்பான். யாரும் அவனை ஆம்பிளை இல்லை என்று சொன்னதில்லை. அழ இடமில்லாத ஆண்களுக்கு நம் முன்னோர் ஒரு கதவு வைத்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த நாடகத்தை எடுத்தால் அந்தச் சுபத்திரையை நடுவில் வையுங்கள், அபிமன்யுவை ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

செலவு காசாகவும் காலமாகவும் வரும். ஆடுபவர்களுக்குப் பாட்டெழுதிய சட்டம் கொடுத்து, பழக்கி, சதங்கை அணிந்து அரங்கேற்ற மாதக்கணக்கு ஆகும். மத்தளக்காரரையும் தாளம் போடுகிற சல்லரிக்காரரையும் சும்மா கூப்பிட முடியாது.

ஒரு பார்வையில்

| நாடகம் | ஆண்மைக்கு என்ன செய்கிறது | குளிர்த்தி | கவனிக்க |
|---|---|---|---|
| அயாக்ஸ் | உடைத்துக் காட்டுகிறது | குறைவு. நாம் கொண்டுவர வேண்டும் | தற்கொலை, மாடுகள், அடக்கம் |
| பிலோக்ரீற்றிஸ் | நோவைச் சொல்ல விடுகிறது | உண்டு, முடிவை மாற்றினால் | பெண் பாத்திரம் இல்லை |
| ஹெராக்ளிஸ் | பயங்கரத்துக்குப் பின் நட்பு | கடைசிக் காட்சியில் நிறைய | மூடிய வாசிப்பு மட்டும் |
| ட்ரோய்ப் பெண்கள் | ஓரத்தில் நிற்பவனைக் காட்டுகிறது | இல்லை | காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்கள் |
| அபிமன்யு | ஏற்றவும் முடியும், இறக்கவும் முடியும் | ஒப்பாரியில் | நீண்ட பயிற்சி, செலவு |

யாருக்கு எது

ஆசிரியைக்கு ட்ரோய்ப் பெண்கள் என்றேன், ஒரு நிபந்தனையோடு. மூன்று இன மக்களும் வருகிற சபை என்பதால் எந்த ஊரின் பெயரையும் சேர்க்க வேண்டாம். ட்ரோய் ட்ரோயாகவே இருக்கட்டும். தூரத்தில் வைத்தால் ஒவ்வொருவரும் தங்கள் ஊரைத் தாங்களே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். கிட்டக் கொண்டுவந்தால், எங்கட சாவை ஏன் சொல்லவில்லை என்ற கணக்குத்தான் எழும்பும்.

நல்ல அண்ணாவியார் இருக்கிற, ஒரு வருடம் பொறுக்கத் தயாரான ஊருக்கு அபிமன்யு. இரண்டு மூன்று நாடகம் செய்து, சபையோடு பேசிப் பழகி, உளவளத் துணையாளரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற குழுவுக்கு மட்டும் அயாக்ஸ், அதுவும் வாசிப்பாக, பின்னேரம் நாலு மணிக்கு. இரவில் வைத்தால் சபையில் பாதிப் பேர் குடிவெறியில் வருவார்கள். பேச்சைத் தொடங்கும்போது 'உங்களுக்கு என்ன நடந்தது' என்று யாரையும் கேட்காதீர்கள். 'தெக்மெசா வேறென்ன செய்திருக்கலாம்' என்று கேளுங்கள். சொல்ல விரும்புகிறவர் அந்தப் பெயருக்குப் பின்னால் நின்று சொல்வார்.

படுவான்கரைப் பொடியன்கள் அயாக்ஸ்தான் வேண்டும் என்று கொஞ்ச நேரம் அடம்பிடித்தார்கள். வாள் இருக்கிறதே. கடைசியில் பிலோக்ரீற்றிஸுக்கு இறங்கிவந்தார்கள். போன ஞாயிறு முதல் ஒத்திகைக்குப் போனேன். நோவுக் காட்சியில் கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். சத்தம் மட்டும் வரவில்லை. மூன்று தரம் செய்தான். பிற்பாட்டுக்கு வந்திருந்த பெண்பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். மூலையில் மத்தளத்தோடு இருந்த கிழவர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "மனே, கால்ல கெளுத்தி முள்ளுக் குத்தினா எப்படிக் கத்துவாய்? அதைக் கத்து. மறுகா நடிக்கலாம்."